கண்டி மலைநாட்டு வீட்டுத்தோட்டமும் கடல்கடந்த சந்தையும்: அலவத்துகொடப் பிரதேசத்தை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் ஏற்றுமதி வரலாறு பெரும்பாலும் பெருந்தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகியவற்றைப் பற்றி எழுந்த நூல்கள் பல. ஆயின், வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் கமுகும் வளர்த்து, அவற்றின் விளைவைக் கடல்கடந்த சந்தைக்கு அனுப்பிய சிறு உற்பத்தியாளரைப் பற்றி அந்நூல்களில் ஓரிரு பந்திகளே காணப்படுகின்றன. அவரது பொருள் உலகச் சந்தையை அடைந்தது. அவரது பெயர் அடையவில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

இவ்விடயத்தை இன்று ஆராய்வதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. வளர்முக நாடுகளின் சிறு வணிகர் இணையச் சந்தைகள் வழியே தம் பொருட்களை நேரடியாக அயல்நாட்டாருக்கு விற்க உதவ வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இணையம் வந்துவிட்டமையால் இடைத்தரகர் மறைவர் என்றும், கிராமத்தவரும் உலகச் சந்தையும் நேருக்கு நேர் சந்திப்பர் என்றும் கூறப்படுகின்றது. இக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை அறிவதற்கு வரலாறே தக்க உரைகல்லாகும். கண்டி மலைநாட்டின் சிறு உற்பத்தியாளருக்கு உலகச் சந்தை புதியதன்று. அச்சந்தைக்குச் செல்லும் வழி பலமுறை மாறியுள்ளது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவர் பெற்றது யாது, இழந்தது யாது என்பதனையே நாம் இங்கு நோக்குவோம்.

ஆய்வு வசதி கருதி நான்கு வினாக்களை முன்வைக்கின்றோம். பொருளின் தரத்தை நிர்ணயித்தவர் யார்? விலையை அறிந்திருந்தவர் யார்? பணம் எவ்வழியாக, எப்போது உற்பத்தியாளர் கையை அடைந்தது? பொருள் எவர் பெயரால் விற்கப்பட்டது? இந்நான்கையும் ஒவ்வொரு காலப் பகுதிக்கும் பொருத்திப் பார்த்தல் பயன் தரும்.

1. பிரதேசமும் பொதிமாட்டு வணிகமும்

கண்டி நகரிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குச் செல்வோர், அக்குறணைக்கு அப்பால் அலவத்துகொடவை அடைவர். சிங்களவரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், தமிழரும் வாழும் பகுதி இது. பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி முதலியன ஒன்றன்கீழ் ஒன்றாக வளர, மரங்களைப் பற்றி மிளகுக் கொடி ஏறும் தோட்டங்களை இங்கு எங்கும் காணலாம். கண்டிய வீட்டுத்தோட்டம் என ஆய்வாளர் குறிப்பிடும் பயிர்ச்செய்கை முறை இதுவேயாம். ஒரு பயிர் பொய்த்தாலும் பிறிதொன்று கைகொடுக்கும் என்பது இதன் பலம். ஒவ்வொன்றும் சிறிதளவே விளையும் என்பது இதன் குறை. இக்குறை பின்னர் வரும் வரலாறு முழுவதிலும் தொடர்வதைக் காண்போம்.

கண்டி இராச்சியக் காலத்திலே இம்மலைநாட்டின் விளைபொருட்கள் பொதிமாடுகளின் முதுகிலேறியே கரையை அடைந்தன. சிங்களத்தில் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் பாக்கு, மிளகு, ஏலக்காய் முதலியவற்றை இறக்கிச் சென்று, உப்பு, கருவாடு, புடைவை ஆகியவற்றை ஏற்றி வந்தன. அரசின் போக்குவரத்துப் பகுதியாகிய மடிகே பத்தவில் முஸ்லிம்கள் பெருமளவில் பணிபுரிந்தமையை வரலாற்றாசிரியர் லோர்ணா தேவராஜா எடுத்துக் காட்டியுள்ளார். மலைநாட்டு முஸ்லிம் ஊர்களின் வணிக மரபு இப்பணியோடு நெருங்கிய தொடர்புடையது எனலாம்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தாம் தொப்பி பின்னி விற்று வாழ்ந்தமையைத் தமது நூலிற் கூறுகின்றார். பாக்கு இந்நாட்டிலிருந்து இந்தியக் கரைக்கு ஏற்றுமதியானதையும் அவர் குறிப்பிடுகின்றார். எனவே அக்காலத்திலேயே மலைநாட்டுக் கிராமம் கடல்கடந்த சந்தையோடு பிணைந்திருந்தமை தெளிவு. ஆயின் துறைமுகம் கண்டியின் கையில் இல்லை. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. பாக்கு வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்கவும் ஒல்லாந்தக் கம்பனி முயன்றது. கமுகுக்கு உரியவர் மலையில் இருந்தார். அதன் விலைக்கு உரியவர் துறைமுகத்தில் இருந்தார். அவ்விருவருக்கும் இடையே நின்றவர் பொதிமாட்டு வணிகர்.

2. நாட்டுக் கோப்பியின் பாடம்

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பாண்ஸ் பெருவீதிகளை அமைத்ததுடன் கன்னொறுவையில் தாமே கோப்பித் தோட்டம் ஒன்றையும் தொடங்கினார். 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பி மீதான இறக்குமதித் தீர்வையை மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்குரிய அளவிற்குக் குறைத்தது. இதனைத் தொடர்ந்து மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். கண்டிக்கும் அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கும் செல்வோர்க்கு வடக்கு வீதியின் இப்பகுதியே வழியாயிற்று. வழியிலேயே மாண்டோர் பலர்.

தோட்டக் கோப்பியின் புகழுக்கிடையே மறக்கப்பட்ட ஒன்றுண்டு. அதுவே நாட்டுக் கோப்பி. துரைமார் தோட்டம் திறப்பதற்கு முன்பே கண்டியக் கிராமத்தவர் வீட்டுத்தோட்டங்களிற் கோப்பி மரம் வளர்த்தனர். ஏற்றுமதிச் சந்தை திறந்தபோது அவர்களும் அதில் இறங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதியிற் கணிசமான பங்கு கிராமத்தவரின் தோட்டங்களிலிருந்தே சென்றது. கிராமத்தவர் சந்தையை வெறுத்து ஒதுங்கி நின்றனர் என்னும் பழைய கூற்று இதனாற் பொய்யாகின்றது.

ஆயின் நாட்டுக் கோப்பியும் தோட்டக் கோப்பியும் சந்தையில் வெவ்வேறு விலை பெற்றன. ஒரே மலையில், ஒரே மழையில் விளைந்தவற்றுள் நாட்டுக் கோப்பி எப்போதும் குறைந்த விலைக்கே போயிற்று. இதற்குரிய காரணங்கள் நோக்கத்தக்கவை. தோட்டத்திற் பழுத்த பழத்தை மட்டும் பறித்து, தோலுரித்து, புளிக்க வைத்து, கழுவி, உலர்த்தினர். கிராமத்திலோ பழமும் காயும் ஒன்றாகப் பறிக்கப்பட்டு, தோலுடன் வெயிலிற் காயவிடப்பட்டு, பின்னர் உரலில் இடிக்கப்பட்டன. கிராமத்தவரை அறியாமையுடையோர் எனத் துரைமார் பழித்தனர். ஆயின் காயைப் பறித்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. புடைவையும் உப்பும் முற்பணமாகக் கொடுத்துச் சென்ற வணிகர் அறுவடைக்கு முன்பே வாசலில் வந்து நின்றார். மரத்திற் பழுக்க விட்டால் களவு போகும் என்ற அச்சமும் இருந்தது. யாவற்றிற்கும் மேலாக, நன்கு பழுத்ததற்கும் பழுக்காததற்கும் வணிகர் ஒரே விலை கொடுத்தார். நல்ல பொருளுக்கு மேலதிக விலை கிடையாதெனின் நல்ல பொருள் விளைப்பதற்கு எவர் முயல்வர்?

ஈண்டு இடைத்தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். அவரைச் சுரண்டுபவர் என்று மட்டும் கொள்வது முழு உண்மையன்று. மலைப்பாதையில் நடந்து வீடு வீடாகச் சிறு சிறு அளவிற் கோப்பியைச் சேர்த்தவர் அவர்; கடன் கொடுத்தவர் அவர்; கண்டியிலும் மாத்தளையிலும் நிலவிய விலையை அறிந்து வந்தவரும் அவரே. அவருக்குப் பின்னால் செட்டிமாரின் முதலும், அதற்குப் பின்னால் கொழும்பு ஏற்றுமதிக் கம்பனிகளும் நின்றன. இடைத்தரகரை நீக்கலாம், அவர் செய்த வேலைகளை நீக்க முடியாது. அவற்றை வேறு எவரேனும் செய்தேயாக வேண்டும். இணையச் சந்தையைப் பற்றிய இன்றைய விவாதத்தில் இவ்வுண்மை அடிக்கடி மறக்கப்படுகின்றது.

உலகச் சந்தையின் தளர்ச்சி கிராமத்தைத் தாக்கும் விதத்தையும் அக்காலமே காட்டிற்று. 1847இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியோடு கோப்பி விலை வீழ்ந்தது. வருமானம் இழந்த அரசு 1848இல் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றுக்கு வரி விதித்ததோடு வீதி வேலைக்கான வரியையும் கொண்டுவந்தது. அவ்வாண்டு யூலையில் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சி இலங்கை வரலாற்றிற் பிரசித்தமானது. இலண்டனிற் சரிந்த விலை மாத்தளை வீதியிற் சிறு கடைக்காரர் மீது வரியாக இறங்கியது எனலாம்.

கோப்பி மீண்டும் எழுந்து, 1870இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டிற்று. ஆயின் அதற்கு முந்திய ஆண்டாகிய 1869இலேயே மடுல்சீமையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. 1884இல் ஒறியன்ரல் வங்கியும் முறிந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலும், கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இலும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மாத்தளைப் பாதை திறந்தபோது அது ஏற்றிச் செல்ல வேண்டிய கோப்பி நோயில் வாடிக்கொண்டிருந்தது. பாதை ஒன்று திறப்பது மட்டும் செழிப்பைக் கொண்டுவராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. தேயிலையும் ஏலவிற்பனை மண்டபமும்

1867இல் யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. தேயிலை ஆலையின்றி ஆகாதது. எனவே நாட்டுக் கோப்பியைப் போன்று நாட்டுத் தேயிலை ஒன்று தோன்றவில்லை. தேயிலையை இலங்கையின் அடையாளமாக்கியதில் இரு நிகழ்ச்சிகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை.

முதலாவது, 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பில் தொடங்கிய பகிரங்க ஏலவிற்பனை. இம்முறையில் தேயிலை வகை பிரிக்கப்பட்டு, மாதிரிகள் வாங்குவோருக்கு முன்னதாகவே அனுப்பப்படும். தரகர் சுவைத்து மதிப்பிடுவர். விலை பலர் முன்னிலையில் முடிவாகும். பணம் குறித்த நாளிற் செலுத்தப்படும். தரம், விலையறிவு, பணம் என்னும் மூன்றிற்கும் ஒழுங்கானதோர் ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று.

இரண்டாவது, 1890இல் தோமஸ் லிப்டனின் வருகை. அவர் இங்கு தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பொதிகளாக்கித் தம் பெயரால் விற்றார். இலங்கைத் தேயிலை உலகெங்கும் பரவியது. பொதியின் மீது நின்ற பெயரோ அவருடையது. நாம் எழுப்பிய நான்காவது வினாவின் முக்கியத்துவம் இங்கு புலனாகும். பெயருக்கு உரியவரே மேலதிக விலைக்கும் உரியவராகின்றார்.

பிற்காலத்திலே தேயிலைச் சிறு பற்றுநிலக்காரர் பெருகினர். 1975ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அவர்களுக்கென ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி அவர்களது கொழுந்திலிருந்தே கிடைக்கின்றது. அவர்கள் கொழுந்தை ஆலைக்கு விற்கின்றனர். விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதம் ஆலைக்கும் என்னும் சூத்திரம் வகுக்கப்பட்டது. இதனை நடைமுறைப்படுத்துவதிற் குறைகள் உண்டு. ஆயினும் கொழுந்து பறிப்பவர் தமக்குரிய பங்கை ஓர் எண்ணாற் கேட்கக் கூடியவராயினர். அலவத்துகொடவின் மிளகுக்காரருக்கு இத்தகைய எண் ஒன்று என்றும் இருந்ததில்லை.

2020இல் கொவிட் பெருந்தொற்றுக் காரணமாக ஏலவிற்பனை மண்டபம் மூடப்பட்டபோது, அவ்வாண்டு ஏப்பிரலிலேயே ஏலவிற்பனை இணையத்திற்கு மாற்றப்பட்டது. 136 ஆண்டுகளுக்கு மேலாகக் குரல் கொடுத்து நடந்த வணிகம் சில வாரங்களிலே திரைக்கு மாறியமையைப் பலரும் தொழினுட்பத்தின் வெற்றியாகக் கொண்டனர். நாம் அதனை வேறு விதமாக நோக்குகின்றோம். வகைப்பிரிப்பு, மாதிரி, தரகர், கணக்குத் தீர்ப்பு ஆகிய யாவும் ஏற்கெனவே இருந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த நம்பிக்கையே திரைக்கு இடம்பெயர்ந்தது. அடித்தளமும் சுவரும் எழுந்து நின்ற வீட்டிற்கு இணையம் புதிய கதவொன்றை இட்டது. வீடே இல்லாத இடத்தில் அக்கதவை மட்டும் நிறுத்தினால் யாது பயன்?

4. சிறு ஏற்றுமதிப் பயிர்களும் அரசும்

மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய், கொக்கோ ஆகியன நெடுங்காலம் ஏற்றுமதிப் பட்டியலின் கடைக்கோடியில் இருந்தன. 1972இல் இவற்றிற்கெனச் சிறு ஏற்றுமதிப் பயிர்கள் திணைக்களம் நிறுவப்பட்டது. 1992இல் அது ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாத்தளையில் இதன் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1964இல் கைப்பணிப் பொருட்களுக்காக லக்சலவும், 1969இல் கைத்தொழில் அபிவிருத்திச் சபையும், 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் தோன்றின. நடுகைப் பொருள், மானியம், பயிற்சி ஆகியவற்றில் இந்நிறுவனங்கள் ஆற்றிய பணி மறுக்கற்பாலதன்று.

எனினும் நாட்டுக் கோப்பியிற் கண்ட குறை மிளகில் மீண்டும் தோன்றியது. இலங்கை மிளகு காரச்சத்து மிகுந்தது. அதனாலேயே சத்துப் பிரித்தெடுக்கும் ஆலைகள் முற்றாத மிளகையும் விரும்பி வாங்குகின்றன. அதன் பெரும்பகுதி இந்தியாவிற்குச் செல்கின்றது. முற்றாத மிளகிற்கும் சந்தை உண்டு என்பது உண்மையே. ஆயின் வேறு வழியின்றி முற்றாததைப் பறிப்பவருக்கும், அச்சந்தையை நாடிப் பறிப்பவருக்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. முற்றிய மிளகைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்துத் துப்புரவான விரிப்பில் உலர்த்தினால் அது ஒரே சீராகக் கறுத்து நல்ல விலை பெறும். மழை மாதங்களிற் சிறு தோட்டக்காரர் தனித்து நின்று இதனைச் செய்தல் எளிதன்று. வீதியோரத் தாரின் வெப்பத்தில் மிளகு காய்வதை இன்றும் மலைநாட்டிற் காண்கின்றோம்.

சந்தையின் வாசல் எங்கோ திறந்து எங்கோ மூடப்படுவதும் தொடர்கின்றது. இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998இற் கைச்சாத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தபோது மிளகிற்குப் பெரிய வாசல் திறந்தது. 2017 டிசெம்பரில் இந்தியா தன் விவசாயிகளைக் காக்கும் பொருட்டு இறக்குமதி மிளகிற்குக் கிலோவிற்கு 500 இந்திய ரூபா என ஆகக் குறைந்த விலையை விதித்தபோது அவ்வாசல் ஒடுங்கியது. 1835இல் இலண்டனில் எடுக்கப்பட்ட முடிவும் 2017இல் புதுதில்லியில் எடுக்கப்பட்ட முடிவும் மலைநாட்டு வீட்டுத்தோட்டத்தைப் பொறுத்தவரை ஒரே தன்மையன. இரண்டிலும் தோட்டக்காரரிடம் எவரும் கேட்கவில்லை.

பெயரைப் பொறுத்தவரையில் நம்பிக்கை தரும் நிகழ்ச்சியொன்றும் உண்டு. 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. விளைந்த மண்ணின் பெயரைப் பிறர் எடுத்தாளாமற் காக்கச் சட்டம் துணை நிற்கும் என்பதற்கு இது நம் நாட்டின் முதற்பெரும் சான்று. கண்டி, மாத்தளைப் பிரதேசங்களின் மிளகும் கராம்பும் இத்தகைய பெயரைப் பெறத் தகுதியற்றவை அல்ல.

5. இணையச் சந்தை: வழியும் தடையும்

ஈபே 1995இலும், அலிபாபா 1999இலும், கைப்பணிப் பொருட்களுக்கான எற்சி 2005இலும் தோன்றின. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இணைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலுவளித்தது. சட்டம் இவ்வாறு முந்திக்கொண்டது, பணம் பிந்தியது. உலகிற் பரவலாகப் பயன்படும் பேபால் வழியே 2010களில் இலங்கையர் வெளிநாட்டிற்குப் பணம் செலுத்த முடிந்ததேயன்றிப் பெற முடியவில்லை. வாங்குவதற்குத் திறந்த வழி விற்பதற்கு மூடியிருந்தது. சிறு விற்பனையாளர் இதனாற் சுற்றுவழிகளை நாடினர்; ஒவ்வொரு சுற்றுவழியிலும் ஒரு கட்டணம் கழிந்தது.

அடுத்த தடை அஞ்சற் செலவு. இலங்கை 1877இலேயே சர்வதேச அஞ்சல் ஒன்றியத்திற் சேர்ந்த நாடு. ஆயினும் ஒரு கிலோ மிளகை விமானத்தில் அனுப்பும் செலவு மிளகின் விலையையே விஞ்சிவிடக் கூடும். எனவே பாரம் குறைந்து பெறுமதி மிகுந்த பொருளே இணையச் சந்தைக்கு ஏற்றது. மூட்டை மிளகு கப்பலுக்குரியது. வகை பிரித்து, துப்புரவாக்கி, சிறு பொதியில் அடைத்து, விளைந்த ஊரையும் பறித்த பருவத்தையும் பொறித்த மிளகே இணையத்திற்குரியது. உணவுப் பொருளாயின் வாங்கும் நாட்டின் விதிகளும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிற்கு உணவு அனுப்பும் பதனிடு நிலையம் 2002ஆம் ஆண்டின் சட்டத்திற்கிணங்க அந்நாட்டு அதிகாரிகளிடம் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் முன்னறிவித்தலும் வேண்டும். தனியொரு குடும்பம் தாங்கத்தக்க சுமையன்று இது.

வாசல் மூடும் வழக்கமும் மாறவில்லை. 2021 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவிற்குக் குறைந்த பொதிகளுக்கிருந்த பெறுமதிசேர் வரி விலக்கை நீக்கியது. 2025 ஓகத்து 29ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கிருந்த தீர்வை விலக்கை நிறுத்தியது. பல நாடுகளின் அஞ்சல் நிலையங்கள் அந்நாட்டிற்குப் பொதி ஏற்பதைத் தற்காலிகமாகக் கைவிட்டன. உலகச் சந்தையின் விலைத் தளர்ச்சியால் 1848இல் மாத்தளைக் கடைக்காரர் அறிந்ததை இணைய விற்பனையாளர் இப்போது அறிந்தனர்.

இணையச் சந்தையிலும் இடைத்தரகர் உண்டு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். தேடுவோரின் கண்ணில் முதலிற் படுவது எந்தக் கடை என்பதைச் சந்தை நிறுவனமே தீர்மானிக்கின்றது. ஒவ்வொரு விற்பனையிலும் அது பங்கு பெறுகின்றது. வாங்கியோர் இடும் மதிப்பீடு பழைய தரகரின் சுவைப்பரிசோதனையைப் போன்றது. ஒரு தீய மதிப்பீடு சிறு விற்பனையாளரை வீழ்த்திவிடும். மொழியும் ஒரு தடையாகின்றது. பொருளை வருணிப்பதும், வினாவிற்கு விடை கூறுவதும், பிணக்கைத் தீர்ப்பதும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. தமிழோ சிங்களமோ மட்டும் அறிந்த தோட்டக்காரர் ஆங்கிலம் அறிந்த வேறொருவரை நாட நேர்கின்றது. அங்கே புதிய தரகர் பிறக்கின்றார்.

6. இரு ஒப்பீடுகள்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதியிற் சிறு விவசாயிகள் விளைக்கும் ஏலக்காய் அங்கு வந்து விலைபோகின்றது. இந்திய நறுமணப் பொருள் வாரியம் அங்கும் கேரளத்தின் புற்றடியிலும் கணினிவழி ஏலவிற்பனையைத் தொடங்கியது. விவசாயியின் சரக்கிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டு வாங்குவோரிடம் கொடுக்கப்படும். அவர்கள் கையாற் பார்த்து, கணினியில் விலை கூறுவர். முடிந்த விலை யாவருக்கும் தெரியவரும். பொருளைக் கண்ணாற் காணும் பழைய ஒழுங்கைக் கைவிடாமல், விலை கூறும் முறையை மட்டும் கணினிக்கு மாற்றியமையே அங்கு செய்யப்பட்டது. அடுத்த ஊர் விவசாயி அன்றைய விலையை அறிந்தே வணிகரிடம் பேசுகின்றார். விலையறிவு தன்னளவிலேயே ஓர் உதவி என்பதற்கு இது சான்றாகும்.

சீனாவில் 2009இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட தவுபவு கிராமங்கள் பிறிதோர் எடுத்துக்காட்டு. கியாங்சு மாகாணத்தின் ஒரு கிராமத்திற் சிலர் மரத்தளபாடங்களை இணையத்தில் விற்கத் தொடங்க, அயலவர் அவர்களைப் பார்த்துக் கற்றனர். கிராமமே ஒரு தொழிலகமாயிற்று. இவ்வெற்றியை அவ்வாறே இங்கு எதிர்பார்த்தல் தவறாகும். அங்கு விற்றவரும் வாங்கியவரும் ஒரே நாட்டினர், ஒரே நாணயம், ஒரே எழுத்துமொழி, சுங்கம் இல்லை. நாம் அங்கிருந்து கொள்ளத்தக்கது ஒன்றே: தனிமனிதரன்றி ஊரே கற்றது, ஊரே விற்றது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1911ஆம் ஆண்டின் சட்டத்துடன் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்நாட்டிற் சட்டபூர்வமாக வேரூன்றின. அண்மைக் காலத்திற் கண்டியைத் தளமாகக் கொண்ட சிறு இயற்கை விவசாயிகள் சங்கம் நியாய வர்த்தகச் சான்றிதழுடன் தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் அயல்நாட்டிற்கு அனுப்பியுள்ளது. தனித்து நின்றாற் பெற முடியாத சான்றிதழைச் சேர்ந்து நின்று பெற்றமையே அதன் சிறப்பு.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. கண்டி மலைநாட்டுச் சிறு உற்பத்தியாளருக்கு என்றும் குறைவாக இருந்தது சந்தைக்கான வழியன்று. பொதிமாடு, வீதி, புகையிரதம், கப்பல், இணையம் என வழிகள் அடுத்தடுத்துத் திறந்தே வந்துள்ளன. தரம் பேணும் வசதி, விலையறிவு, பணம் நேராகக் கைசேர்தல், சொந்தப் பெயர் ஆகிய நான்குமே குறைவாக இருந்தன. இவற்றை ஏற்படுத்தாமல் இணையக் கடை திறக்கப் பயிற்சியளிப்பது, கோப்பி வாடும் வேளையிற் புகையிரதப் பாதை திறந்ததைப் போன்றதாகும்.

எனவே உதவியின் வரிசையை மாற்றுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. முதலாவதாக, அலவத்துகொட போன்ற ஒவ்வொரு சிறு நகரிலும் பலர் சேர்ந்து பயன்படுத்தத்தக்க உலர்த்தும், வகை பிரிக்கும், பொதியிடும் நிலையம் வேண்டும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் அறிவு அங்கு வந்து சேர வேண்டும். இரண்டாவதாக, கண்டி, மாத்தளை, கொழும்பு விலைகள் தமிழிலும் சிங்களத்திலும் நாள்தோறும் அறிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, சிறு தொகை அந்நியச் செலாவணி கிராமத்தவரின் வங்கிக் கணக்கிற்கு நேரே வந்துசேர மத்திய வங்கி வழி செய்தல் வேண்டும். நான்காவதாக, ஊரின் பெயரால் ஒரு பொதுக் குறி அமைந்து, அதன் தரத்திற்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும். இவை நான்கும் அமைந்த பின்னரே இணையக் கடை ஐந்தாவதாக வருதல் தகும்.

பழைய வணிகரை இவ்வேற்பாட்டிற்குப் பகையாகக் கருத வேண்டியதில்லை. அக்குறணையிலும் அலவத்துகொடவிலும் தலைமுறை தலைமுறையாக வாசனைத் திரவிய வணிகம் செய்வோரிடம் மிளகைக் கையில் எடுத்த அளவில் அதன் தரம் கூறும் திறன் உண்டு. எந்த இணையச் சந்தையும் தராத அறிவு அது. அவ்வறிவிற்கு உரிய ஊதியம் அளித்து அவரையும் சேர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

இவ்விடயத்திற் காலம் தாழ்த்த இயலாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ரூபாவின் பெறுமதி சில மாதங்களிற் பெருவீழ்ச்சியுற்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைப் பெரிதும் தாக்கின. இத்தகைய வேளைகளில் ஒரே வணிகரை, ஒரே வீதியை, ஒரே பயிரை நம்பியிருப்போரே முதலில் வீழ்கின்றனர். வீட்டுத்தோட்டத்தின் பலம் பல பயிர்கள். அதற்குப் பல வாசல்களும் வேண்டும். இணையச் சந்தை அவ்வாசல்களுள் ஒன்றாகலாம். மிளகு விளைத்தவர் அதன் தரத்தையும் விலையையும் அறிந்தவராய், பணத்தைத் தம் கையிற் பெறுபவராய், தம் ஊர்ப் பெயர் பொறித்த பொதியை அவ்வாசல் வழியே அனுப்பும் நாளிலேயே இம்மலைநாட்டின் ஏற்றுமதி வரலாறு அவருடைய வரலாறாகவும் எழுதப்படும்.